ஓசூர்ப் பக்கம் புதுசா வேலைக்குப் போறீங்களா? மொதல்ல சம்பளக் கணக்கு போடக் கத்துக்கோங்க

பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கமிருந்து பிளஸ் டூவும் ஐடிஐயும் முடிச்ச பசங்க, பொண்ணுங்க எவ்வளவோ பேர் வருஷா வருஷம் ஓசூர் சிப்காட், பர்கூர், போச்சம்பள்ளின்னு வேலைக்குக் கெளம்புறாங்க. போகும்போது அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு "கைக்கு எவ்வளவு வரும்"ங்கறதுதான். அதையும் கான்ட்ராக்டர் ஆளு ஃபோன்ல சொல்லியிருப்பாரு, இல்லன்னா ஏற்கெனவே அங்க வேலை செய்யுற மாமா பையன் சொல்லியிருப்பான். ஆனா அந்தத் தொகைக்கு ஒரு அடிமட்டம் இருக்கு, அத அரசாங்கம் போட்டு வெச்சிருக்கு, அதுக்குக் கீழ யாரும் குடுக்கக் கூடாது. நீங்களே "சரி, இவ்வளவு போதும்"னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியத அந்தக் கையெழுத்தால கொறைக்க முடியாது. இது தெரியாமத்தான் நெறைய பேர் மாசத்துக்கு ரெண்டாயிரம் மூவாயிரம்னு வருஷக்கணக்கா விட்டுட்டு இருக்காங்க.

சட்டத்தப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா பெயர் மாறிடுச்சு. முன்னாடி 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1936ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், போனஸ் சட்டம், சம ஊதியச் சட்டம்னு தனித்தனியா இருந்துச்சு. அதெல்லாத்தையும் ஒன்னாக்கி 2019ல ஊதியச் சட்டத் தொகுப்புன்னு கொண்டுவந்தாங்க, அது 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்துச்சு. "பழைய சட்டம் போயிடுச்சு, இப்ப மினிமம் வேஜ்லாம் கெடையாது"ன்னு எந்த சூப்பர்வைசராவது சொன்னா நம்பாதீங்க. பழைய அரசாணைல இருக்குற ரேட்டு புதுசு வர்ற வரைக்கும் அப்படியே செல்லும், சொல்லப்போனா புதுச் சட்டத்துல எந்தத் தொழிலா இருந்தாலும் கொறைஞ்சபட்சக் கூலி உண்டு.

உங்க ரேட்டு எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறது

தமிழ்நாட்டுல எல்லாருக்கும் ஒரே ரேட்டுன்னு கெடையாது, இதுலதான் முக்காவாசிப் பேர் கொழம்புறாங்க. ஹோட்டல், கடை, ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், செக்யூரிட்டி, தையல், ஜெனரல் இன்ஜினியரிங்னு ஒவ்வொரு தொழிலுக்கும் தனி அரசாணை. அந்தத் தொழிலுக்குள்ள ஹெல்ப்பர், செமி ஸ்கில்டு, ஸ்கில்டு, கிளார்க்னு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அடிப்படைச் சம்பளம் போட்டிருப்பாங்க. பல தொழில்ல மாநகராட்சி, நகராட்சி, மத்த ஊருன்னு மண்டலம் பிரிச்சும் ரேட்டு மாறும். ஓசூர் 2019ல மாநகராட்சி ஆயிடுச்சு, தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சி, அதனால ஒரே வேலைக்கு ஓசூர் டவுனுக்குள்ள ஒரு ரேட்டும் காரிமங்கலத்துல வேற ரேட்டும் இருக்கலாம்.

அடிப்படைச் சம்பளம் மேல டிஏ, அதாவது அகவிலைப்படி சேரும். விலைவாசிக் குறியீட்டெண்ணை வெச்சு வருஷா வருஷம் ஏப்ரல் 1லேருந்து புது டிஏ வரும். அடிப்படையும் டிஏவும் கூட்டுனாத்தான் உங்க கொறைஞ்சபட்ச மாசக் கூலி. இந்தப் பட்டியல் தமிழ்நாடு தொழிலாளர் துறை வெப்சைட்ல இருக்கு, ஃபோன்லயே டவுன்லோடு பண்ணிக்கலாம். தேடும்போது நடப்பு வருஷத்து டிஏதானான்னு தேதியப் பாருங்க, யாராவது வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ணுனது மூணு வருஷத்துக்கு முந்தினதா இருக்கும். பட்டியல் புரியலன்னா கிருஷ்ணகிரிலயோ தர்மபுரிலயோ இருக்குற தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீசுக்கு நேர்ல போயி "நான் இந்த வேலை செய்யுறேன், எனக்கு எவ்வளவு ரேட்டு"ன்னு கேளுங்க. கேக்குறதுக்குப் புகார் குடுக்கணும்னு அவசியமே இல்ல.

கல்குவாரிக்கு மட்டும் கணக்கு வேற. சுரங்கம், குவாரி எல்லாம் மத்திய அரசு பொறுப்புல வர்றது, அதனால கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை பக்கம் கிரானைட் குவாரில கல்லு ஒடைக்கிறவங்களுக்கு மத்திய அரசு ரேட்டு, அங்க டிஏ ஏப்ரல், அக்டோபர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஏறும். அதே கல்ல பாலிஷ் போடுற ஃபேக்டரின்னா மாநில அரசு ரேட்டு. ஒரே மொதலாளி ரெண்டையும் நடத்துனாலும் நீங்க எங்க நிக்கிறீங்களோ அந்த ரேட்டுதான்.

பெங்களூர் பக்கம் போறவங்களுக்கும் இதே மாதிரிதான். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி பொம்மசந்திரா, ஜிகினில வேலைன்னா கர்நாடகா ரேட்டு. நீங்க தங்குறது ஓசூரா இருந்தாலும், கான்ட்ராக்டர் ஆபீஸ் ஓசூர்ல இருந்தாலும், மெஷின் எந்த மாநிலத்துல ஓடுதோ அந்த மாநிலத்துக் கூலி. புகாரும் அந்தப் பக்கத்து லேபர் ஆபீஸ்லதான் குடுக்கணும். அதே மாதிரி ஒடிசாவுலேருந்தும் அசாம்லேருந்தும் இங்க வந்து வேலை செய்யுற பசங்களுக்கு நம்ம ஊர் ரேட்டு குடுத்தாகணும், "வடக்கத்தி ஆளு, கம்மி போதும்"னு ஒரு ரேட்டு சட்டத்துல எங்கயும் இல்ல. ஆம்பளைக்கு ஒன்னு பொம்பளைக்கு ஒன்னுங்கறதும் கெடையாது, ஒரே வேலைன்னா ஒரே கூலி.

சம்பளச் சீட்டப் பக்கத்துல வெச்சுப் பாருங்க

சம்பளச் சீட்டு குடுக்குறது மொதலாளி பண்ற உதவி இல்ல, அவரோட கடமை. பேப்பரா குடுக்கலன்னா வாட்ஸ்அப்லயாவது வாங்குங்க. கையில வந்ததும் கடைசி வரில இருக்குற தொகைய மட்டும் பாக்காம மேலேருந்து பாருங்க.

கணக்கு புரியுறதுக்காக ஒரு பேச்சுக்கு உங்க வேலைக்கு கொறைஞ்சபட்சக் கூலி 13,000 ரூபான்னு வெச்சுக்குவோம். உங்க நிஜ ரேட்டு கூடவோ கொறையவோ இருக்கும், பட்டியலப் பாத்து நம்பர மாத்திக்குங்க. இப்ப உங்க சீட்டுல பேசிக் 7,000, டிஏ 2,500, அட்டென்டன்ஸ் இன்சென்டிவ் 2,000, புரொடக்ஷன் இன்சென்டிவ் 1,500, மொத்தம் 13,000ன்னு இருந்தா பாக்குறதுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். ஆனா அரசாங்கம் 13,000ன்னு சொன்னது பேசிக்கும் டிஏவும் சேர்ந்து, உங்க சீட்டுல அந்த ரெண்டும் கூட்டுனா 9,500தான் வருது, மீதிய இன்சென்டிவ்னு பேர் வெச்சு ரொப்பியிருக்காங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரே ஒரு நாள் லீவு போட்டா அந்த அட்டென்டன்ஸ் 2,000 மொத்தமா போயிடும். லீவு போட்டா அந்த ஒரு நாள் கூலியப் பிடிக்கலாம், அதுக்கு மேல பிடிக்கக் கூடாது, இங்க 2,000 ரூபா, அதாவது ஒரு நாளைக்கு 500ன்னு வெச்சா நாலு நாள் கூலி போகுது. எனக்கு ரொம்பக் கோவம் வர்றது இந்த விஷயத்துலதான், ஏன்னா சின்னப் பசங்க அத தண்டனைன்னே புரிஞ்சுக்கறது இல்ல, "நான்தானே லீவு போட்டேன்"னு தன்னையே திட்டிக்குவாங்க.

அடுத்து பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). உங்க பங்கு பிஎஃப்ல 12 சதவீதம், இஎஸ்ஐல 0.75 சதவீதம். 13,000க்கு பிஎஃப் 1,560, இஎஸ்ஐ 98 ரூபா. அப்ப கைக்கு 11,342 வரணும். கம்பெனி தன் பங்கா பிஎஃப்க்கு 12 சதவீதமும் இஎஸ்ஐக்கு 3.25 சதவீதமும் தனியா கட்டணும், அத உங்க சம்பளத்துலேருந்து எடுக்கவே கூடாது. சீட்டுல பிஎஃப் 3,120ன்னு இருந்தா ரெண்டு பங்கையும் உங்ககிட்டயே பிடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். பிடிச்சத கட்டுனாங்களான்னு பாக்க உமாங்ங்கற அரசாங்க ஆப்ல யூஏஎன் நம்பர் (உங்களுக்குன்னு குடுத்த பிஎஃப் நம்பர்) போட்டு பாஸ்புக் பாருங்க. மாசா மாசம் பாருங்க, ஏன்னா கான்ட்ராக்டர் மாறிட்டா பழைய ஆளப் புடிக்கிறது கஷ்டம்.

மத்த பிடித்தத்துலயும் சட்டம் ஒரு பட்டியல் போட்டிருக்கு, அதுல இருக்குறது மட்டும்தான் பிடிக்கலாம், எல்லாம் சேர்ந்து சம்பளத்துல பாதிக்கு மேல போகக் கூடாது. ஃபைன் போடுறதா இருந்தா எந்தத் தப்புக்கு ஃபைன்னு முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டியிருக்கணும், உங்க பக்கத்து விளக்கத்தக் கேக்கணும், மாசச் சம்பளத்துல 3 சதவீதத்தத் தாண்டக் கூடாது. 13,000க்கு 390 ரூபா, அவ்வளவுதான். வேலைக்குச் சேத்துவிட்டதுக்கு கமிஷன்னு மாசா மாசம் எடுக்குறாங்களே, அது அந்தப் பட்டியல்லயே இல்ல. ஊர்லேருந்து வர்ற பஸ் ரயில் செலவுக்குன்னு குடுத்த அட்வான்ஸத் திரும்பப் பிடிக்கவும் கூடாது.

அட்வான்ஸ்னு சொல்லும்போது செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பமா போறவங்களப் பத்தி சொல்லாம போக முடியல. அட்வான்ஸ் அடையுற வரைக்கும் எடத்த விட்டுப் போகக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சா அது சம்பளப் பிரச்சனை இல்ல, அது கொத்தடிமை, 1976லயே அத ஒழிக்கச் சட்டம் போட்டாச்சு, அந்தக் கடனே செல்லாது. அதுக்கு லேபர் ஆபீசுக்கு அலையாம நேரா ஆர்டிஓகிட்டயோ (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய்க் கோட்டாட்சியர்) சப் கலெக்டர்கிட்டயோ கலெக்டர்கிட்டயோ போகணும்.

ஓட்டி கணக்கு

ஓட்டி, அதாவது ஓவர்டைம், அதுக்கு டபுள் ரேட்டு. இதுல "எங்க கம்பெனி பாலிசி சிங்கிள்"னு ஒன்னு கெடையாது. மாசக் கூலிய 26ஆல வகுத்தா ஒரு நாள் கூலி, 13,000க்கு 500 ரூபா. அத 8ஆல வகுத்தா மணிக்கு 62 ரூபா 50 காசு. ஓட்டி மணிக்கு 125. பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்டுன்னு தெனம் 4 மணி நேரம் கூட, மாசத்துல 10 நாள் பாத்தீங்கன்னா 40 மணி நேரம், 5,000 ரூபா வரணும். சிங்கிள் ரேட்டுல போட்டா 2,500தான் வரும். வருஷத்துக்கு 30,000 ரூபா, ஒரு தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் அதுல போயிடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அது போக 5 பண்டிகை நாளு, மொத்தம் 9 நாள் தொழிற்சாலைல சம்பளத்தோட லீவு, அன்னிக்கு வேலைக்குக் கூப்பிட்டா டபுள் சம்பளம், இல்லன்னா அன்னிக்குச் சம்பளமும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும் தரணும்.

எப்பக் குடுக்கணும்

மாசச் சம்பளம்னா அடுத்த மாசம் 7ஆம் தேதி தாண்டக் கூடாது. வாரக் கூலின்னா வாரத்தோட கடைசி வேலை நாள்ல. தெனக்கூலின்னா அன்னிக்கு ஷிஃப்ட் முடியும்போதே. மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஃபேக்டரிக்குத் தெனக்கூலிக்குப் போற அக்காங்களுக்கு "சீசன் முடிஞ்சு மொத்தமா தர்றோம்"னு சொல்லுறது சட்டப்படி தப்பு. காலைல போயி நின்னப்புறம் "இன்னிக்கு லோடு வரல, மத்தியானத்தோட கெளம்புங்க"ன்னு அவங்களே அனுப்புனாலும் அது உங்க தப்பு இல்ல, பொதுவா முழு நாள் கூலி உண்டு.

வேலைய விட்டு நின்னாலும் சரி, அவங்களே நிறுத்துனாலும் சரி, ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கிக் கூலி வரணும். நெறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க, "அடுத்த மாசம் 10ஆம் தேதி வா"ன்னு சொல்லுவாங்க, போனா ஹெச்ஆர் இல்லம்பாங்க, பஸ் செலவு பாத்து இவங்களும் விட்டுடுவாங்க. அதே மாதிரி சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட யார் கேட்டாலும் குடுத்துட்டு வராதீங்க, காட்டிட்டு ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. சம்பள அக்கவுண்ட்டோட ஏடிஎம் கார்டு, பின் நம்பர் உங்க கையிலதான் இருக்கணும், முழுச் சம்பளத்தையும் அக்கவுண்ட்ல போட்டுட்டு அதுல ஒரு பங்கக் கேஷா திருப்பி வாங்குற ஆளுங்க இருக்காங்க.

"ட்ரெய்னி"ன்னு சேத்திருந்தா ஒன்னு கேளுங்க: அப்ரென்டிஸ் சட்டப்படி பதிவு பண்ணுன ஒப்பந்தம் இருக்கா? இருந்தா ஸ்டைபண்டுக்குத் தனி விதி, கூலிச் சட்டம் வராது. அப்படி எதுவும் இல்லாம ஐடி கார்டுல மட்டும் ட்ரெய்னின்னு அச்சடிச்சு லைன்ல மத்தவங்க மாதிரியே முழு ஷிஃப்ட் ஓட்ட விட்டா நீங்களும் தொழிலாளிதான்னு கேக்குறதுக்கு உங்களுக்கு வலுவான எடம் இருக்கு.

நோட்டு ஒன்னு போடுங்க

பத்து ரூபா நோட்டு போதும். தேதி, எந்த ஷிஃப்ட், உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம், ஓட்டி எத்தன மணி, சூப்பர்வைசர் யாரு, இத தெனம் ரூமுக்கு வந்ததும் எழுதிடுங்க, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அதோட ஐடி கார்டு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ, கேட் பாஸ், ஷிஃப்ட் மாத்தி வர்ற வாட்ஸ்அப் மெசேஜ், பேங்க்ல சம்பளம் ஏறுன எஸ்எம்எஸ் எல்லாத்தையும் வேற ஒரு மெயிலுக்கு அனுப்பி வெச்சுக்குங்க. ஐடி கார்டுல கம்பெனி பேரு ஒன்னும் கான்ட்ராக்டர் பேரு ஒன்னும் இருக்கும், ரெண்டும் முக்கியம், ஏன்னா கான்ட்ராக்டர் குடுக்காம ஓடிட்டா அந்தக் கூலிக்கு மெயின் கம்பெனிதான் பொறுப்பு. "நீ எங்க ரோல்லயே இல்ல"ன்னு கேட்ல நிறுத்துனா அதுக்காகப் பயந்து திரும்பாதீங்க. பாக்கி வெக்கலன்னு நிரூபிக்க வேண்டியது மொதலாளி வேலை, சட்டம் அப்படித்தான் சொல்லுது, இருந்தாலும் நம்ம கையில தேதி வாரியா நோட்டு இருந்தா ஆபீசர் முன்னாடி பேச்சு சுருக்கமா முடியும்.

கேக்குற முறை

முதல்ல கம்பெனிக்கே எழுதிக் கேளுங்க, வாய்ல கேக்காதீங்க. மெயில் இல்லன்னா வாட்ஸ்அப்ல "சார், ஜூன் மாசம் 40 மணி நேரம் ஓட்டி, சிங்கிள் ரேட்டுல வந்திருக்கு, பாக்கி 2,500 எப்ப வரும்"னு மரியாதையா ஒரு மெசேஜ். பாதிப் பிரச்சனை இதுலயே தீந்துடும், நம்பரோட கேக்குற ஆளுகிட்ட விளையாட மாட்டாங்க.

தீரலன்னா மனு. கடை, ஹோட்டல், செக்யூரிட்டி, கட்டட வேலை மாதிரின்னா தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) ஆபீஸ், ஃபேக்டரின்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். எதுன்னு தெரியலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற மக்கள் குறைதீர்க்கும் நாள்ல குடுத்து மனு நம்பர் வாங்குங்க, அவங்களே உரிய துறைக்கு அனுப்புவாங்க. முதலமைச்சர் உதவி மைய நம்பர் 1100க்கு ஃபோன் பண்ணியும் பதிவு பண்ணலாம். மனு பெருசா எழுத வேணாம், இப்படி இருந்தா போதும்:

"ஐயா, நான் மேற்கண்ட நிறுவனத்தில், மேற்கண்ட ஒப்பந்ததாரர் மூலம், இந்தத் தேதி முதல் ஹெல்ப்பராகப் பணி செய்து வருகிறேன். என் பணிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதக் கூலி இவ்வளவு. எனக்கு வழங்கப்படும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து இவ்வளவு. மாதம் இவ்வளவு வீதம், இத்தனை மாதங்களுக்கு, மொத்தம் இவ்வளவு ரூபாய் குறைவாக வழங்கப்பட்டுள்ளது. மிகைநேரப் பணிக்கு இரட்டிப்புக் கூலியும் வழங்கப்படவில்லை. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை நகல்கள் இணைத்துள்ளேன். நிலுவைத் தொகையைப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ரெண்டு காப்பி எடுத்து ஒன்னுல சீல் போட்டு வாங்கிக்குங்க, நேர்ல போக முடியலன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வெச்சுக்குங்க. தனியா குடுக்கப் பயமா இருந்தா பத்துப் பேர் இருபது பேர் சேர்ந்து ஒரே மனுவா குடுக்கலாம், அதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு, பதிவு பண்ணுன தொழிற்சங்கமும் உங்களுக்காகப் போடலாம். கூலிப் பாக்கி கேட்டு கிளெய்ம் போட 3 வருஷம் டைம் இருக்கு, அதனால வேலைல இருக்கும்போது கேட்டா தூக்கிடுவாங்கன்னு பயப்படுறவங்க நோட்ட மட்டும் ஒழுங்கா எழுதிட்டு வாங்க, வெளிய வந்தப்புறமும் கேக்கலாம். கிளெய்ம விசாரிக்கிற அதிகாரி பாக்கியோட சேர்த்து அதுல பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடும் போட முடியும். கொறைச்சுக் குடுத்த மொதலாளிக்கு 50,000 ரூபா வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்பப் பண்ணுனா 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவக் கேளுங்க, அங்க பொண்ணுங்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவசம், 15100ல கூப்பிடலாம்.

மனு போனதும் பெரும்பாலும் கம்பெனிப் பக்கத்துலேருந்து சமாதானம் பேச ஆள் வரும். பேசலாம், தப்பில்ல. ஆனா "எனக்குச் சேர வேண்டிய முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்"னு டைப் பண்ணுன பேப்பர நீட்டுனா, தொகை எவ்வளவுன்னு அதுல நம்பர்ல இருக்கான்னு பாருங்க, உங்க நோட்டுக் கணக்கோட சரியா வருதான்னு பாருங்க, பேங்க்ல பணம் ஏறுன மெசேஜ் வர்ற வரைக்கும் பேனாவ எடுக்காதீங்க.